தாத்தாவின் பெயரில் ஒரு லாட்ஜ்: டைரி யாருக்குச் சொந்தம்?

தென் மாவட்டத்துச் சிறு நகரம் ஒன்றிலிருந்து 59 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒன்பது பக்கக் கடிதம். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அப்பாவின் அப்பா அந்த ஊர் நகராட்சி மருத்துவமனையில் எல்.எம்.பி. (அந்தக் கால மருத்துவத் தகுதி) டாக்டராக இருந்தவர். 1919-ல் சென்னையில் ஃப்ரீமேசன் என்ற, சடங்குகளை ரகசியமாக வைத்துக்கொள்ளும் சகோதரத்துவ அமைப்பில் சேர்ந்திருக்கிறார். 1936-ல் சொந்த ஊரில் ஒரு லாட்ஜ் (தங்கும் விடுதி அல்ல, அந்த அமைப்பின் உள்ளூர்க் கிளை) தொடங்கியவர்களில் ஒருவர். 1966-ல் காலமானார். அடுத்த ஆண்டே உறுப்பினர்கள் லாட்ஜுக்கு அவர் பெயரை வைத்துவிட்டார்கள். இன்றும் அதே பெயர்தான். 90-ம் ஆண்டு மலர் ஒன்று போட்டு, அதில் அவர் வாழ்க்கையை விரிவாக எழுத லாட்ஜில் முடிவு செய்திருக்கிறார்கள்.

தாத்தாவின் ஆறு டைரிகள், சடங்கின்போது இடுப்பில் கட்டும் ஏப்ரன், பதக்கங்கள், ஒரு ரயில்வே அதிகாரி அவருக்கு எழுதிய கடிதக் கட்டு எல்லாம் வாசகியின் வீட்டுப் பரணில் இருந்தவை. தாத்தாவைப் பற்றித் தானே ஒரு புத்தகம் எழுத வேண்டும் என்பது இவருடைய பத்து வருட ஆசை. அதற்குள் பெரியப்பா மகன் டைரியின் நாற்பது பக்கங்களைப் படம் பிடித்து லாட்ஜ் செயலாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். செயலாளரிடம் கேட்டால், "இறந்து அறுபது வருஷம் இந்த டிசம்பரோடு முடிகிறது. அப்புறம் யார் வேண்டுமானாலும் போடலாம்" என்கிறார். லாட்ஜின் கூட்டக் குறிப்பேடான மினிட் புக்கைப் பார்க்கக் கேட்டதற்கு, உறுப்பினர்களுக்கு மட்டும்தான் என்று சொல்லிவிட்டார். இப்போது பெரியப்பா மகனே மனம் மாறி, "தாத்தா பெயரையே பயன்படுத்தக் கூடாது என்று கேஸ் போடலாம்" என்கிறாராம். 88 வயது அத்தையோ, "அது சத்தியம் வாங்குகிற இடம். எழுதினால் குடும்பத்துக்கு ஆகாது. எல்லாவற்றையும் கொளுத்திவிடு" என்று அழுகிறார். "யார் சொல்வது சரி? நான் எழுதலாமா?" என்பது கேள்வி.

அன்புள்ள சகோதரிக்கு,

எழுதலாம். நன்றாகவே எழுதலாம். ஆனால் டைரி உங்கள் பரணில் இருந்ததாலேயே அது உங்களுடையது என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் முதல் சிக்கல். அதற்கு முன்னால், நீங்கள் இணைத்து அனுப்பிய இரண்டு படங்களைப் பற்றிப் பேச வேண்டும். உங்கள் புத்தகமே அந்த இரண்டிலும்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

முதல் படம், டைரியில் தாத்தா கைப்பட எடுத்து வைத்திருக்கும் 1935-ம் ஆண்டு விண்ணப்பத்தின் நகல். புதிய லாட்ஜுக்கு அனுமதி கேட்டுப் பதினோரு பேர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். தாத்தாவின் பெயர் ஐந்தாவது. "அவர்தான் நிறுவனர். லாட்ஜே அவர் போட்ட பிச்சை" என்று நீங்கள் எழுதியிருக்கும் வரியை இந்தப் பக்கம் ஏற்றுக்கொள்ளாது. ஒரு தனி மனிதர் லாட்ஜ் தொடங்க முடியாது. மரபுப்படி குறைந்தது ஏழு மாஸ்டர் மேசன்கள் (மூன்று படிச் சடங்கும் முடித்த உறுப்பினர்கள்) சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும், ஏற்கெனவே இருக்கும் ஒரு லாட்ஜ் அதைப் பரிந்துரைக்க வேண்டும், அதன் பிறகு லாட்ஜுகளுக்கெல்லாம் தலைமையான கிராண்ட் லாட்ஜ், வாரண்ட் என்ற அனுமதிப் பத்திரம் தரும். முதல் மாஸ்டர், அதாவது தலைவர், யார், அவருக்கு அடுத்த இரண்டு வார்டன்கள் யார் என்பது அந்த வாரண்டிலேயே எழுதியிருக்கும். வாரண்ட் இல்லாமல் லாட்ஜ் கூட்டம் நடத்த முடியாது என்பதால் அதைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். அதை ஒரு முறை பார்த்துவிட்டு உங்கள் முதல் அத்தியாயத்தை எழுதுங்கள். தாத்தா மூன்றாம் ஆண்டில்தான் மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்தார் என்று அவர் டைரியே சொல்கிறது. இதனால் அவர் மதிப்பு ஒன்றும் குறைந்துவிடாது. பதினோரு பேரில் ஒருவராக இருந்தவரின் பெயரை, அவர் போன பிறகு மற்றவர்கள் தேர்ந்தெடுத்து வைத்தார்கள் என்பது, அவரே தன் பெயரில் ஒன்றைத் தொடங்கினார் என்பதைவிட எவ்வளவோ பெரிய விஷயம்.

இரண்டாவது படம் 1931-ம் வருடப் பக்கம். அப்போது அவர் பக்கத்து ஊர் லாட்ஜில் உறுப்பினர். மூன்றே வரி: "இன்று பெட்டியைத் திறந்தபோது இரண்டு கறுப்பு. மேஜையையே பார்த்துக்கொண்டு நின்றேன். டாக்டர் கே.யிடம் போய் என்ன சொல்வது?" இரண்டாவது வரியில் மை பரவியிருக்கிறது. பேனாவை அதே இடத்தில் வைத்துக்கொண்டு யோசித்திருக்கிறார்.

இந்த வரிகளுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டிருந்தீர்கள். புதிதாக ஒருவரைச் சேர்க்க வேண்டுமானால் உறுப்பினர்கள் ரகசியமாக வாக்களிப்பார்கள். ஒரு மரப்பெட்டியில் கையை விட்டு, சம்மதம் என்றால் வெள்ளைக் குண்டு, வேண்டாம் என்றால் கறுப்புக் குண்டு போடுவார்கள். இங்கிலாந்து விதிப்படி மூன்று கறுப்பு விழுந்தால் அந்த நபரைச் சேர்க்க முடியாது. ஒரு லாட்ஜ் தன் துணை விதியில் இரண்டு போதும், ஒன்றே போதும் என்றும் வைத்துக்கொள்ளலாம். தாத்தா தன் நண்பரை முன்மொழிந்திருக்கிறார், இரண்டு கறுப்பில் அது தோற்றிருக்கிறது. நான்கு ஆண்டு கழித்து, சொந்த ஊரில் வேறு லாட்ஜ் கேட்டுக் கையெழுத்துப் போடுகிறார். இந்த இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று நீங்கள் ஊகிப்பது எனக்கும் நியாயமாகத்தான் தெரிகிறது.

அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கறுப்பு போட்டது இன்னார் என்று தாத்தா வேறொரு பக்கத்தில் பெயரோடு சந்தேகப்பட்டிருக்கிறார், சாதிதான் காரணம் என்று நீங்கள் சேர்த்திருக்கிறீர்கள். வாக்களிப்பு ரகசியம், அவருக்கே தெரியாது. சாதி என்று டைரியில் ஒரு வார்த்தை கூட இல்லை. அந்த மனிதரின் பேரப்பிள்ளைகள் இன்றும் உங்கள் ஊரில் இருக்கிறார்கள் என்று நீங்களே சொல்கிறீர்கள். இறந்தவர் சார்பில் நஷ்ட ஈடு கேட்டு சிவில் வழக்கு வராது என்பது சரிதான். கிரிமினல் அவதூறு வேறு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 499-ஐப் போலவே, இறந்தவரைப் பற்றிய குற்றச்சாட்டையும் அவதூறாகக் கொள்கிறது. அவர் உயிரோடு இருந்தால் பெயர் கெட்டிருக்கும் என்பதும், குடும்பத்தாரின் மனம் புண்பட வேண்டும் என்ற எண்ணத்தோடு எழுதியது என்பதும் காட்டப்பட வேண்டும். உங்களுக்கு அந்த எண்ணம் இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் அதை நீதிமன்றத்தில் சொல்லி நிரூபிக்கும் நிலைமை எதற்கு? உண்மை, பொது நன்மைக்காகச் சொன்னேன் என்ற விலக்கு இருக்கிறது. வெறும் சந்தேகத்தை உண்மை என்று அச்சிட்டவருக்கு அது கைகொடுக்காது. சம்பவத்தை எழுதுங்கள், இரண்டு கறுப்பையும் எழுதுங்கள். அந்தப் பெயரை விட்டுவிடுங்கள்.

இந்தியர்களைச் சேர்ப்பதா என்பது இங்கே பழைய சண்டை. பின்னணியாக அதைத் தாராளமாக எழுதலாம். 1730-லேயே கல்கத்தாவில் லாட்ஜ் இருந்தது. ஆற்காடு நவாபின் மகன் உம்தத்-உல்-உமரா, பிற்பாடு கர்நாடக நவாபானவர், 1775-லேயே மேசன் ஆகிவிட்டார். ஆனால் கல்கத்தாவில் பிரசன்ன குமார் தத் என்ற இந்து ஒருவர் பல ஆண்டு முட்டி மோதி, 1872-ல்தான் உள்ளே போக முடிந்தது. நவாப் மகனுக்குத் திறந்த கதவு இவருக்குத் திறக்க ஏறக்குறைய நூறு வருடம் ஆகியிருக்கிறது. டாக்டர் கே.யின் கதையை இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் வாசகருக்கே புரியும். நீங்கள் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

இனி சட்டம்.

டைரி: காகிதம் வேறு, எழுத்து வேறு

செயலாளர் சொன்ன அறுபது வருடக் கணக்கு பாதி சரி. 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஆசிரியர் உயிரோடு இருக்கும்போதே வெளியான எழுத்துக்கு, அவர் இறந்த அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை இருக்கும். தாத்தா 1966-ல் இறந்தார், ஆகவே 2026 டிசம்பர் 31-ஓடு முடியும். காலராவைப் பற்றி அவர் அச்சிட்டு வெளியிட்ட சிறு புத்தகம் இருக்கிறதே, அதற்கு இந்தக் கணக்கு பொருந்தும். 2027 ஜனவரி முதல் அதை யாரும் மறுபதிப்பு செய்யலாம்.

டைரி அப்படியில்லை. அது அவர் வாழ்நாளில் வெளியாகவே இல்லை. ஆசிரியர் இறந்த பிறகு முதன்முதலாக வெளியாகும் எழுத்துக்கு 24-வது பிரிவு தனிக் கணக்கு வைத்திருக்கிறது: வெளியான அடுத்த ஜனவரியிலிருந்துதான் அறுபது ஆண்டுகள். இன்னும் வெளியாகாததால் கணக்கே தொடங்கவில்லை. இந்த டிசம்பர் அல்ல, எந்த டிசம்பரிலும் அது தானாகப் பொதுச்சொத்து ஆகாது. உங்கள் பெரியப்பா மகன் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியதால் லாட்ஜுக்கு அச்சிடும் உரிமை வந்துவிடவில்லை.

சரி, அந்த உரிமை யாருக்கு? உங்களுக்குச் சங்கடமாக இருக்கும், இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். தாத்தா உயில் எழுதவில்லை, இந்துக் குடும்பம் என்று சொல்லியிருக்கிறீர்கள். 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, 1966-ல் பாட்டி, பெரியப்பா, உங்கள் அப்பா, அத்தை நால்வருக்கும் கால் பங்கு. மகள் என்பதால் அத்தைக்குக் குறைவு கிடையாது. சுயமாக ஈட்டிய சொத்தில் மகளுக்குச் சம பங்கு அன்றைக்கே உண்டு, 2005-ல் வந்தது கூட்டுக் குடும்பச் சொத்தைப் பற்றிய திருத்தம். 1980-ல் பாட்டி இறந்தபோது அவர் பங்கு மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகப் போயிருக்கும். ஆக இன்று அத்தைக்கு மூன்றில் ஒன்று. பெரியப்பாவின் ஒரே மகனுக்கு மூன்றில் ஒன்று. வெளிநாட்டில் இருக்கும் உங்கள் தம்பிக்கும் உங்களுக்கும் ஆளுக்கு ஆறில் ஒன்று. டைரி என்ற பொருளிலும், அதிலுள்ள எழுத்தின் பதிப்புரிமையிலும் இதே பங்குதான்.

கூட்டு உரிமையில் ஒருவர் மட்டும் மற்றவர்களைக் கேட்காமல் வெளியீட்டு அனுமதி தர முடியாது. பெரியப்பா மகன் லாட்ஜுக்குத் தர முடியாது என்பதற்கும் இதுதான் காரணம், நீங்கள் உங்கள் பதிப்பாளருக்குத் தர முடியாது என்பதற்கும் இதுதான் காரணம். நால்வரும் கையெழுத்திட்ட ஒரு ஒப்புதல் கடிதம் வேண்டும். அதை எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். எத்தனை ஆண்டுகளுக்கு என்று எழுதாவிட்டால் சட்டம் ஐந்து ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும். எந்தெந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்று எடுத்துக்கொள்ளும். வீட்டுக்குள் எழுதிக்கொள்ளும் கடிதம்தானே என்று இந்த இரண்டையும் விட்டுவிட்டு, ஆறாவது வருடம் இரண்டாம் பதிப்பு போடும்போது முழிக்கிறவர்கள் உண்டு. "பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும், உலகம் முழுவதற்கும்" என்று தெளிவாக எழுதுங்கள்.

ரயில்வே அதிகாரியின் கடிதங்களும் இதே மாதிரிதான். காகிதம் உங்கள் குடும்பத்துடையது, வாசகம் எழுதியவரின் வாரிசுகளுடையது. அவற்றிலிருந்து தெரிந்துகொண்ட தகவல்களை உங்கள் வார்த்தையில் எழுதலாம், கடிதத்தை அப்படியே அச்சிட வேண்டாம். தகவலுக்குப் பதிப்புரிமை கிடையாது. 1919-ல் சேர்ந்தார், 1936-ல் தொடங்கினார் என்பதெல்லாம் யாருக்கும் சொந்தமில்லை. லாட்ஜ் தன் சொந்தப் பதிவேட்டை வைத்து அவர் வாழ்க்கையை எழுதினால் நீங்களும் தடுக்க முடியாது.

பெயரும் படமும்

பெரியப்பா மகன் சொல்கிற வழக்கை மறந்துவிடுங்கள். ஒருவர் வாழ்நாளில் சேர்த்த பெயரும் புகழும் வீடு, நிலம் போல வாரிசுக்கு இறங்காது. மறைந்த முதல்வர் ஜெயலலிதாவைப் பற்றிய திரைப்படத்தை எதிர்த்து அவருடைய அண்ணன் மகள் தொடுத்த வழக்கில் 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் இப்படித்தான் சொன்னது. அதுவும் மதிப்போடு வைத்த பெயர், ஏறக்குறைய அறுபது வருடம் குடும்பமே மகிழ்ச்சியோடு பார்த்துக்கொண்டிருந்த பெயர். அதை எடுக்கச் சொல்லிப் போனால் முதல் நாளே திரும்பி வர வேண்டியிருக்கும்.

ஹாலில் மாட்டியிருக்கும் எண்ணெய் வண்ணப் படத்தைத் திருப்பிக் கேட்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். படச்சட்டத்தின் அடியில் சிறு பித்தளைத் தகடு, "குடும்பத்தாரின் அன்பளிப்பு, 1968". அசையும் பொருளை அன்பளிப்பாகக் கையில் கொடுத்துவிட்டாலே அது செல்லும், பத்திரம் தேவையில்லை. பாட்டி கொடுத்திருக்கிறார். அது அவர்களுடையது. புத்தகத்துக்காகப் படம் எடுத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள், கொடுப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

ஏப்ரனையும் டைரிகளையும் வாங்க வெளிநாட்டுச் சேகரிப்பாளர் ஒருவர் விலை பேசுகிறார் என்ற ஒரு வரியைக் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அனுப்பாதீர்கள். 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த வரலாற்று மதிப்புள்ள பொருளும், எழுபத்தைந்து ஆண்டு கடந்த அதே மதிப்புள்ள கையெழுத்துப் பிரதியும் தொல்பொருள் வகையில் வரக்கூடும். அவற்றைத் தனி ஆள் நாட்டை விட்டு அனுப்புவது குற்றம். 1919-ம் ஆண்டு ஏப்ரனுக்கு நூறு கடந்துவிட்டது, 1931 டைரிக்கு எழுபத்தைந்து கடந்துவிட்டது.

மினிட் புக்கை எப்படிக் கேட்பது

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சட்டம் அரசு சார்ந்த அமைப்புகளுக்கு. லாட்ஜ் தனியார் சங்கம், மினிட் புக் அதன் சொத்து. காட்டு என்று கட்டாயப்படுத்த வழியில்லை. ஆனால் "மினிட் புக் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்" என்று நீங்கள் கேட்டதும் சரியில்லை. யாராக இருந்தாலும் தயங்குவார்கள். நடந்த சடங்குகள், மற்ற உறுப்பினர்களின் சொந்த விஷயங்கள் எல்லாம் அதில் இருக்கும்.

குறிப்பாகக் கேளுங்கள். ஒன்று, வாரண்டின் படம். இரண்டு, 1936-ல் நடந்த தொடக்க விழாவின் பதிவு. தானியமும் திராட்சை ரசமும் எண்ணெயும் வைத்துச் செய்யும் அந்த விழாவில், நிறுவன உறுப்பினர்கள் யார் யார் வந்திருந்தார்கள் என்று பெயர் வாரியாக எழுதுவது வழக்கம். மூன்று, முதல் ஆண்டில் புதிதாகச் சேர்த்துக்கொண்டவர்களின் பட்டியல். இந்த மூன்றாவதுதான் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. அந்தப் பட்டியலில் டாக்டர் கே. இருந்தால், தாத்தா எதற்காக அந்தக் கையெழுத்தைப் போட்டார் என்று நீங்கள் வாதாட வேண்டியதே இல்லை. இல்லாவிட்டால் அதையும் அப்படியே எழுதுங்கள்.

உங்கள் கையிலும் ஒன்று இருக்கிறது. டைரியை வெளியிட நால்வர் சம்மதம் இல்லாமல் அவர்களால் முடியாது. அதை மிரட்டலாகச் சொல்லாமல் கொடுக்கல் வாங்கலாகச் சொல்லுங்கள்: மலருக்காக டைரியின் இன்ன ஐந்து பக்கங்களை வெட்டாமல் மாற்றாமல் போட்டுக்கொள்ள அனுமதிக்கிறோம், இந்த மூன்று பதிவுகளின் படம் எங்களுக்கு வேண்டும். வெட்டி ஒட்டித் திரித்து வெளியிட்டால் எதிர்க்கும் உரிமை, 57-வது பிரிவின்படி, ஆசிரியர் இறந்த பிறகும் அவருடைய சட்டபூர்வப் பிரதிநிதிகளுக்கு உண்டு. வக்கீல் நோட்டீஸ் வேண்டாம். சாதாரணக் கடிதம், ஸ்பீட் போஸ்டில், ஒப்புகையோடு அனுப்புங்கள். அந்த நாற்பது பக்கங்களுக்கு அனுமதி இல்லை என்பதும் அதில் ஒரு வரியாக இருக்கட்டும். செயலாளர் மறுத்தால் சென்னையில் தென்னிந்திய மண்டல கிராண்ட் லாட்ஜ் இருக்கிறது, அங்கே எழுதலாம்.

அவர்கள் தராவிட்டாலும் வழி அடைபடாது. இந்திய கிராண்ட் லாட்ஜ் உருவானது 1961 நவம்பர் 24-ல்தான். அதற்கு முந்தைய காலத்து ஆவணங்கள் பல கடல் தாண்டி இருக்கின்றன. தாத்தாவின் சான்றிதழ் இங்கிலாந்து கிராண்ட் லாட்ஜுடையது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த கிராண்ட் லாட்ஜின் 1751 முதல் 1921 வரையான உறுப்பினர் பதிவேடுகள், குடும்ப வரலாறு தேட உதவும் ஆன்செஸ்ட்ரி இணையதளத்தில் படங்களாகவே கிடைக்கின்றன. பெயர், வயது, ஊர், தொழில், சேர்ந்த தேதி எல்லாம் ஒரே வரியில் இருக்கும். 1919 அந்தக் காலத்துக்குள் வருகிறது. 27 வயது டாக்டரைத் தேடிப் பாருங்கள். 1936 லாட்ஜைப் பற்றி லண்டன் ஃப்ரீமேசன் அருங்காட்சியக நூலகத்துக்கு எழுதிக் கேட்கலாம், அங்கே கேட்க உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை.

அத்தையும் சத்தியமும்

கடைசியாக எழுதுகிறேனே தவிர, நீங்கள் முதலில் செய்ய வேண்டியது இதுதான். மூன்றில் ஒரு பங்குக்காரர் என்பதால் மட்டும் சொல்லவில்லை.

சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில், "உங்கப்பா தலைவெட்டுக் கோயிலுக்குப் போறவர்" என்று பிள்ளைகள் அத்தையைக் கேலி செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் ஊர்ப் பிள்ளைகள் கட்டியது இல்லை. ஃப்ரீமேசன் கட்டடத்துக்கு வெள்ளைக்காரன் காலத்திலேயே தென்னாட்டில் அந்தப் பெயர் உண்டு. புதிதாகச் சேருகிறவரின் தலையை வெட்டித் திரும்ப ஒட்டுவார்கள் என்று ஜனங்கள் நம்பினார்கள். வடக்கே ஜாதூகர், அதாவது மந்திர வீடு, என்றார்கள். வாசலில் ஒருவர் வாளோடு காவல் நிற்பார், ஜன்னல் சாத்தியிருக்கும், உள்ளே போனவர் என்ன நடந்தது என்று சொல்ல மாட்டார். வெளியே நிற்கிற குழந்தைக்கு வேறு என்ன தோன்றும்? எட்டு வயதில் அத்தைக்குள் விழுந்த பயம் எண்பது வருடமாக அப்படியே இருக்கிறது. அதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடாதீர்கள்.

அவரிடம் சொல்ல வேண்டியது இதுதான். கடவுள் நம்பிக்கை இல்லாதவரை அந்த அமைப்பில் சேர்ப்பதே இல்லை. நம் நாட்டு லாட்ஜுகளில் பகவத் கீதை, குர்ஆன், பைபிள் எல்லாம் ஒரே பீடத்தில் இருக்கும். தாத்தா கீதையின் மேல் கை வைத்துத்தான் உறுதி எடுத்திருப்பார். அந்த உறுதி அவரோடு முடிந்தது, சட்டப்படி பிள்ளைகளையோ பேத்தியையோ அது கட்டாது. சடங்கு விவரங்களும் அப்படியொன்றும் வெளியே தெரியாதவை அல்ல. 1730-லேயே லண்டனில் அச்சடித்து விற்றுவிட்டார்கள். இருந்தாலும் ஒன்று செய்யலாம். நான்காவது டைரியில் முதலெழுத்துகள் மட்டும் வரிசையாக எழுதிய பக்கங்கள் இருப்பதாகச் சொன்னீர்கள். சடங்கு வாசகத்தை மனப்பாடம் செய்ய மேசன்கள் அப்படி எழுதி வைத்துக்கொள்வார்கள். அந்தப் பக்கங்களைப் புத்தகத்தில் சேர்க்க மாட்டேன் என்று அத்தையிடம் வாக்குக் கொடுங்கள். தாத்தா சொல்லாமல் வைத்திருந்ததை நீங்களும் சொல்லவில்லை என்று அவருக்கு ஆறுதலாக இருக்கும். உங்கள் புத்தகத்துக்கும் அதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

ஒப்புதல் கடிதத்தை முதல் நாளே நீட்டாதீர்கள். 1931 டைரியை மட்டும் எடுத்துக்கொண்டு போய், மை பரவிய அந்தப் பக்கத்தை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். அவர் பிறந்தது லாட்ஜ் தொடங்கிய சில வருடங்களில். தாத்தாவின் நண்பர்கள் வீட்டுக்கு வந்து போனதைப் பார்த்து வளர்ந்தவர். டாக்டர் கே. யார் என்று இன்றைக்குச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார். கேளுங்கள்.